பார்க்காமல் விட்ட கடைசி ஆட்டம்

ஸ்காட்லாந்தில் கல்யாணத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடைசிப் பாட்டு போடும்போது கையில் டம்ளரோடு நிற்காதீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம், ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் கல்யாணம். சாப்பாடு, பேச்சு, ஜோடி மாற்றி மாற்றி ஆடும் கெய்லி நடனம் எல்லாம் முடிந்து இரவு பன்னிரண்டு மணி ஆகப்போகிறது. நான் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது டிஜே ஒரு பாட்டைப் போட்டார். முதலில் ஒரே ஒரு குரல், மெதுவாக, தாலாட்டு மாதிரி. கில்ட் கட்டிய பையன்கள், ஹீல்ஸைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளிவிட்ட பெண்கள், அதுவரை நாற்காலியை விட்டு அசையாத கிழவர்கள், எல்லோரும் எழுந்து வந்து கைகோத்துப் பெரிய வட்டமாக நின்றார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில். யாரோ என் கையையும் பிடித்து இழுத்தார்கள். டிரம்ஸ் சேர்ந்து பாட்டு வேகமெடுத்ததும் வட்டம் மொத்தமும் கோவென்று கத்திக்கொண்டு நடுவை நோக்கி ஓடியது, பின்வாங்கியது, மறுபடி ஓடியது. என் டம்ளரில் இருந்த ஆரஞ்சு ஜூஸ் முழுக்க மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டையில். அவர் கவனிக்கவே இல்லை, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

பாட்டின் பெயர் 'லாக் லோமண்ட்'. பாடியவர்கள் ரன்ரிக் என்ற ஸ்காட்லாந்து ராக் குழு. இந்த ஊரில் பாதிக் கல்யாணம் இந்தப் பாட்டோடுதான் முடிகிறது என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

நான் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு பெரியவர் இருந்தார். ஸ்கை தீவுக்காரர், கிளாஸ்கோவில் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கல்யாணக் கதையை அவரிடம் மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். சிரித்துவிட்டு மேலே போனார், பத்து நிமிஷத்தில் நாலைந்து சிடியோடு கதவைத் தட்டினார். அதிலிருந்து பிடித்த பைத்தியம் இது.

ராக் என்றதும் காது கிழிகிற சத்தம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இவர்களுடையது அந்த வகை இல்லை. நாட்டுப்புற மெட்டின் மேல் மெல்லிசாகப் போர்த்திய ராக், நம் ஊர்க் காதுக்குச் சுலபமாகப் பிடிபடும். கிதார் அலறாது, பாடும். கிதார் வாசிக்கும் மால்கம் ஜோன்ஸ் பைப், அதாவது காற்றுப்பை வைத்து ஊதும் பேக்பைப், வாசிக்கவும் தெரிந்தவர். பைப்பில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் சின்னச் சின்னதாகச் சொடுக்குவார்கள் இல்லையா, அது அப்படியே அவர் கிதாரிலும் கேட்கும். ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கேட்காமல் இருக்க முடியாது.

1973-ல் தொடங்கிய குழு. ரோரி மெக்டொனால்ட், கேலம் மெக்டொனால்ட் என்ற அண்ணன் தம்பி இருவர், அகார்டியன் வாசிக்க பிளேர் டக்ளஸ், அவ்வளவுதான் முதலில். கல்யாணத்துக்கும் ஊர்க் கொண்டாட்டத்துக்கும் வாசிக்கும் நடன பேண்டு. முதல் கச்சேரி கிளாஸ்கோவின் கெல்வின் ஹாலில், வடக்கு ஊயிஸ்ட், பென்பெகுலா தீவுகளிலிருந்து வந்து நகரத்தில் தங்கிவிட்டவர்களின் சங்கம் நடத்திய விழாவில். நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் ஊர்ச்சங்கக் கூட்டம். பிழைக்க வந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றுகூடி, சொந்த பாஷையில் பேசி, ஊர்ப்பாட்டு கேட்டுவிட்டுப் போவதற்கான கூட்டம். அடுத்த வருஷம் டானி மன்ரோ பாட வந்து சேர்ந்தார். ஸ்கை தீவின் பையன், ஓவியம் படித்து ஆசிரியராக இருந்தவர்.

குழுவின் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. ரன்ரிக் என்பது மேட்டுநிலத்தில், அதாவது ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில், இருந்த பழைய நில ஏற்பாடு. கிராமத்து நிலத்தை நீள நீளக் கீற்றுகளாகப் பிரித்து, சில வருஷத்துக்கு ஒருமுறை யாருக்கு எது என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். நல்ல மண் ஒருத்தரிடமே தங்கிவிடாது. தஞ்சைப் பக்கம் கரையீடு என்று ஒன்று இருந்ததைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். அந்த ஏற்பாடு போனது, அப்புறம் நிலமே ஆட்டுப்பண்ணைக்குப் போனது, அப்புறம் ஜனங்கள் கப்பலேறிப் போனார்கள். ஒரு டான்ஸ் பேண்டுக்கு இந்தப் பெயரை ஏன் வைத்தார்கள் என்பது அவர்கள் எழுதிய பாட்டுகளைக் கேட்கக் கேட்கத்தான் விளங்கும்.

முதல் ஆல்பம் 1978-ல். முழுக்க முழுக்கக் காலிக்கில், மேட்டுநிலத்திலும் தீவுகளிலும் பேசிவந்த பழைய மொழியில். (ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து நான் 'கேலிக்' என்றேன். பெரியவர் திருத்தினார், அயர்லாந்துக்காரர்களுடையதுதான் கேலிக், எங்களுடையது காலிக். அதனால் இங்கே காலிக்.) 2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் இந்த மொழி பேசியவர்கள் ஏறக்குறைய 57,000 பேர். நாடு முழுக்க இவ்வளவுதான். இதில் பாட்டு எழுதி, ஆல்பம் போட்டு, அதை விற்கவும் வேண்டும். அடுத்த வருஷம் தங்களுக்கென்று ரிட்ஜ் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தக் கம்பெனியே தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் கம்பெனியில் 1979-லேயே வந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டு இருக்கிறது. ஒன்று 'லாக் லோமண்ட்', கல்யாண மண்டபப் பாட்டு. இன்னொன்று 'ஃபிஹத் ப்ளியன', அதாவது இருபது வருஷம். பள்ளிக்கூடத்தில் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், என் ஜனங்களைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதைத் தெரிந்துகொள்ள இருபது வருஷம் ஆனது என்கிற கோபம்தான் பாட்டு. 1872-ல் ஸ்காட்லாந்துக்கென்று வந்த கல்விச் சட்டத்தில் காலிக்குக்கு இடமே இல்லை. வகுப்பில் அந்தப் பாஷை பேசினால் அடி விழும் என்ற நிலை அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் வலது உள்ளங்கையை விரித்து இடது கையால் ஒரு தட்டு தட்டிக் காட்டினார். அவருக்கே விழுந்ததா, அவர் அப்பாவுக்கு விழுந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இவ்வளவு கோபமான பாட்டு கேட்க இனிமையாக இருக்கும். கோஷம் போடுகிற மாதிரி இருக்காது. பெரும்பாலும் வார்த்தை கேலத்தினுடையது, மெட்டு ரோரியினுடையது, இரண்டு பேரும் சேர்ந்து ஐம்பது வருஷத்துக்குப் பக்கத்தில் இதையே செய்திருக்கிறார்கள். கேலம் தொடக்கத்தில் டிரம்ஸ் வாசித்தார். 1980-ல் இயன் பெய்ன் வந்ததும் அந்த நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் மற்றத் தாள வாத்தியங்களுக்கு நகர்ந்துகொண்டார். வார்த்தை எழுதுகிறவர் மேடையில் ஓரமாக நின்று தட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு மிகப் பிடித்தது 1985 ஆல்பத்தில் உள்ள 'டான்ஸ் கால்டு அமெரிக்கா'. 1773-ல் ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற எழுத்தாளர், ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனோடு இந்தத் தீவுகளைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஸ்கை தீவில் ஓர் இரவு நடனம். அமெரிக்கா என்று பெயர் சொல்லி ஒரு ஆட்டம் ஆடினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். முதலில் ஒரு ஜோடி சுழலும், அது இன்னொரு ஜோடியைக் கிளப்பும், அது அடுத்ததை, கடைசியில் கூடத்தில் இருப்பவர்கள் மொத்தப் பேரும் சுழன்றுகொண்டிருப்பார்கள். ஒரு குடும்பம் கப்பலேறினால் பக்கத்து வீட்டுக்கும் கால் பரபரக்கும், அதைத்தான் அந்த ஆட்டம் காட்டுகிறது என்பது பாஸ்வெல் எழுதிய விளக்கம். அப்போது போனவர்களிலாவது பலர் தாங்களாகப் போனார்கள். அடுத்த அறுபது, எழுபது வருஷத்தில் நிலக்காரர்கள் ஆடு மேய்க்க இடம் வேண்டும் என்று குடிசையைக் காலி பண்ணி ஜனங்களைத் துரத்தினார்கள். ரன்ரிக் இந்தப் பாட்டைத் துள்ளல் மெட்டில் போட்டிருக்கிறார்கள். கூட்டம் குதித்துக் குதித்து ஆடும். ஆடுவது எதை நினைத்து என்று ஒரு விநாடி யோசித்தால் கால் நின்றுவிடும், ஆனால் நிற்க விடமாட்டார்கள், தாளம் அப்படி.

1987-ல் 'தி கட்டர் அண்ட் தி க்ளான்' வந்தது. இதுவும் முதலில் சொந்தக் கம்பெனியில்தான். பிறகு லண்டனின் கிரைசாலிஸ் கம்பெனி இவர்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி வெளியிட்டது. அங்கிருந்து ஆறேழு வருஷம் ஏறுமுகம். 1991-ல் 'தி பிக் வீல்' பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம், 1993-ல் 'அமேசிங் திங்ஸ்' 2-ஆம் இடம். எனக்கு இந்தக் காலத்து ஸ்டுடியோ ஆல்பங்கள் மேல் ஒரு குறை உண்டு. எண்பதுகளின் கீபோர்டு, எதிரொலி போட்ட டிரம்ஸ் என்று எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி பளபளக்கும், தொட முடியாது. அதே பாட்டை மேடையில் பதிவு செய்ததைக் கேளுங்கள், ஆள் வேறு. 1988-ல் வந்த நேரலை ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'லாக் லோமண்ட்' தொடங்கும்போது மன்ரோ ஒரு வரி பாடுகிறார், அடுத்த வரியைக் கூட்டம் எடுத்துக்கொள்கிறது. அவர் விட்டுவிடுகிறார். வாத்தியம் ஒன்றும் இல்லை, ஆயிரக்கணக்கான தொண்டை மட்டும், கொஞ்சம் சுருதி விலகி, ஆனால் ஒரே மூச்சாக. பாடகர் சும்மா நிற்கிறார் என்பது கேட்கும்போதே தெரிகிறது. ஸ்டுடியோவில் இவர்கள் செய்து வைத்தது பாதிப் பாட்டுதான், மீதி கூட்டத்திடம் இருந்தது என்று நான் நினைக்க ஆரம்பித்தது இந்தப் பதிவைக் கேட்டபோதுதான்.

அந்தப் பாட்டு இவர்களுடையதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய நாட்டுப்பாட்டு. 1745-ல் பிரிட்டன் அரசருக்கு எதிராக ஸ்காட்லாந்தில் எழுந்த கலகத்தில் தோற்று, இங்கிலாந்தின் கார்லைல் ஊர்ச் சிறையில் கிடந்த இருவரைப் பற்றியது என்று ஒரு கதை. ஒருவனுக்குத் தூக்கு, ஒருவனுக்கு விடுதலை. நீ மேல் வழியாகப் போ, நான் கீழ் வழியாகப் போகிறேன், உனக்கு முன்னால் நான் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்கிறான் சாகப்போகிறவன். கீழ் வழி என்பது செத்தவர்கள் வீடு திரும்பும் வழி. இதைத்தான் கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நடுவில் நிறுத்திப் பாடுகிறார்கள்! நம் வீட்டுப் பாட்டிகள் கேட்டால் வாயை மூடச் சொல்லியிருப்பார்கள்.

கிளாஸ்கோவில் பாரோலேண்ட் என்று ஒரு பழைய நடனக்கூடம் இருக்கிறது. வாசலில் ராட்சத நியான் பலகை, எரியும்போது தெருவே கலர் மாறும். உள்ளே சுமார் இரண்டாயிரம் பேர் நிற்கலாம். நடனத்துக்கென்று போட்ட மரத்தரை, கீழே துள்ளுகிற மாதிரி அமைப்பு. எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்தால் சும்மா நிற்கிறவனையும் தரை தூக்கிப் போடும். இது மட்டும் நானே அனுபவித்தது, வேறு ஒரு குழுவின் கச்சேரிக்குப் போனபோது. ரன்ரிக் எண்பதுகளின் கடைசியில் அங்கே வாசித்த ஒளிப்பதிவை அதற்கப்புறம் பார்த்தபோது, திரையில் கூட்டம் எழும்பும் நேரத்தில் என் உள்ளங்கால் கூசியது. அங்கே வியர்த்துக் கொட்டிக்கொண்டு காலிக்கில் பாடுகிற பையன்கள் எத்தனை பேருக்கு அந்தப் பாஷை தெரியும்? சத்தத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டி தாத்தாவோ அதற்கு முந்தியவர்களோ வீட்டில் பேசிய சத்தம், மூன்றாவது தலைமுறை அர்த்தம் தெரியாமல் கத்துகிறது.

1991 ஜூனில் லாக் லோமண்ட் ஏரியின் தென்கரையில், பாலோக்கில் ஒரு திறந்தவெளிக் கச்சேரி. 50,000 பேர். திருவையாற்றுக் கரையில் உட்கார்ந்து பஞ்சரத்னம் கேட்பது மாதிரி, அந்த ஏரிக்கரையிலேயே அந்த ஏரியின் பாட்டு. மேல்மாடிப் பெரியவர் அதற்குப் போயிருந்தார். அவர் அதைப் பற்றிச் சொன்னதில் பாதி, கார் நிறுத்த இடம் கிடைக்காமல் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதுதான். மீதிப் பாதி ஒலிபெருக்கி. அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் அவருடைய பாஷை வந்து அவர் கேட்டதில்லையாம். வீட்டில் கேட்டிருக்கிறார், சர்ச்சில் கேட்டிருக்கிறார், ரேடியோவில் எப்போதாவது. நெஞ்சுக்கூட்டைத் தட்டுகிற அளவுக்குச் சத்தமாக அன்றுதான்.

1995-ல் நடந்தது இன்னும் விசித்திரம். எட்டு வருஷப் பழைய காலிக் பாட்டு ஒன்று, 'அன் ஊவல் அஸ் ஆர்ட்ஜ', மிக உயரத்தில் இருக்கும் ஆப்பிள் என்று அர்த்தம். அதைக் கார்ல்ஸ்பெர்க் பியர் விளம்பரத்தில் போட்டார்கள். ஜனங்கள் கடையில் கேட்க, தனி வெளியீடாக வந்து பிரிட்டன் பட்டியலில் 18-ஆம் இடம் போனது. முதல் இருபதுக்குள் நுழைந்த முதல் ஸ்காட்லாந்துக் காலிக் பாட்டு அதுதான். நூற்றாண்டுக் கணக்கில் சர்ச்சுக்காரர்கள் தோத்திரம் பாடிக் காப்பாற்றிய பாஷையைப் பட்டியலில் ஏற்ற ஒரு பியர் பாட்டில் வேண்டியிருந்தது.

அரசியலும் இந்தக் குழுவை விடவில்லை. 1997 பொதுத்தேர்தலில் மன்ரோ தொழிற்கட்சி சார்பில் ஸ்கை தீவு அடங்கிய தொகுதியில் நின்றார். எதிரில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் சார்லஸ் கென்னடி. தோற்றார். ஆனாலும் குழுவை விட்டு விலகுவது என்று முடிவெடுத்துவிட்டார், அந்த ஆகஸ்டில் ஸ்டர்லிங் கோட்டையில் வழியனுப்புக் கச்சேரி. கீபோர்டு வாசித்த பீட் விஷார்ட் எதிர்க்கட்சி ஆள், ஸ்காட்லாந்து தேசியக் கட்சி. அவர் 2001-ல் நின்றார், ஜெயித்தார், எம்.பி. ஆகி லண்டன் போய் அங்கேயும் எம்.பி.க்களைச் சேர்த்து ஒரு ராக் குழு நடத்தினார். ஒரே வேனில் ஊர் ஊராகப் போகும்போது இவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

குரல் போனால் குழு போச்சு என்பதுதான் வழக்கமான கதை. இருபத்துச் சொச்சம் வருஷம் முகமாகவும் குரலாகவும் இருந்தவர் போய்விட்டார். 1998-ல் வந்தவர் புரூஸ் கத்ரோ, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கேப் பிரெட்டன் தீவுக்காரர். கேப் பிரெட்டன் என்றால் என்ன? மேட்டுநிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் கப்பலில் போய் இறங்கிய இடங்களில் ஒன்று, அங்கே தலைமுறை தலைமுறையாகக் காலிக் பேசினார்கள். 'டான்ஸ் கால்டு அமெரிக்கா'வை அந்தக் கரையிலிருந்து திரும்பி வந்த ஒருத்தர் பாடினார். கத்ரோ வந்த பிறகு காலிக் பாட்டுகளை அதிகமும் ரோரியே பாடினார். பழைய ரசிகர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சி. பெரியவர் மன்ரோ கட்சி, அதில் விவாதத்துக்கே இடமில்லை. நான் கத்ரோ பக்கம் கொஞ்சம் சாய்வேன். மன்ரோ பாடினால் மலை உச்சியிலிருந்து பாடுகிற மாதிரி இருக்கும், எழுந்து நிற்கத் தோன்றும். கத்ரோ சமையலறையில் நாற்காலி இழுத்துப் போட்டுப் பாடுகிற குரல்.

அந்தக் காலத்தில்தான் டென்மார்க்கும் ஜெர்மனியும் இவர்களை முழுதாகத் தத்தெடுத்தன. லண்டன் பத்திரிகைகள் மறந்துவிட்ட பிறகும் அங்கே கூட்டம் குறையவில்லை. ஊரிலும் பெரிய கச்சேரிகள் நடந்தன. 2007-ல் லாக் நெஸ் ஏரிக்கரையில், ட்ரம்னட்ரோக்கிட்டில். 2013-ல் நாற்பதாம் ஆண்டுக்கு மியூர் ஆஃப் ஆர்டில். இரண்டும் கிராமங்கள். வருகிற கூட்டம் அந்த ஊரின் ஜனத்தொகையைப் பல மடங்கு தாண்டும். அதே 2007-ல் ஸ்காட்லாந்து கால்பந்து ரசிகர்களைச் சேர்த்து 'லாக் லோமண்ட்'டை மறுபடி பதிவு செய்தார்கள், குழந்தைகள் நல நிதிக்காக. பட்டியலில் 9-ஆம் இடம்.

ஒரு சிடியின் கதையைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. லாரல் கிளார்க் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தில் ஹோலி லாக் நீர்மூழ்கித் தளத்தில் வேலை பார்த்தார். அங்கே ரன்ரிக் பிடித்துப் போயிற்று. பிற்பாடு விண்வெளி வீராங்கனை ஆனார். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலத்தில் போனபோது ரன்ரிக்கின் 2001 ஆல்பமான 'தி ஸ்டாம்பிங் கிரவுண்ட்' சிடியைக் கூட எடுத்துப் போனார். அதிலிருந்து ஒரு பாட்டைத்தான் ஒருநாள் காலையில் பள்ளியெழுச்சி மாதிரி தரையிலிருந்து விண்கலத்துக்குப் போட்டார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும் வழியில் விண்கலம் டெக்ஸஸ் வானத்தில் சிதறியது. ஏழு பேரும் போனார்கள். சிதறல்களைத் தேடியவர்கள் கையில் அந்த சிடி கிடைத்தது. அவர் குடும்பத்தார் அதைக் குழுவிடமே கொடுத்தார்கள். 2016-ல் வந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பத்தின் முடிவில் 'சம்வேர்' என்று ஒரு பாட்டு அவருக்காக இருக்கிறது. நான் அதை அடிக்கடி கேட்பதில்லை.

அந்த ஆல்பம் வந்தபோதே இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஒரு நீண்ட விடைபெறும் சுற்றுப்பயணம். முடிவு 2018 ஆகஸ்டில் ஸ்டர்லிங் கோட்டைக்குக் கீழே உள்ள சிட்டி பார்க்கில், 'தி லாஸ்ட் டான்ஸ்' என்ற பெயரில். ஆகஸ்ட் 18, சனிக்கிழமைதான் முதலில் அறிவித்தது. டிக்கெட் விற்றுத் தீர்ந்ததும் முந்தின நாள் வெள்ளியையும் சேர்த்தார்கள். நான் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். ஸ்டர்லிங் இங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆபீஸில் அந்த வாரம் ஒரு சிஸ்டம் மாற்றம். தள்ளிக்கொண்டே போய் வெள்ளி ராத்திரிக்கு வந்து நின்றது. நீ இருந்தால்தான் ஆகும் என்றார்கள். இருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு என் பங்கு வேலை தொடங்கியது, பதினொன்றே காலுக்கு எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவைக்கச் சொன்னார்கள். மாற்றமே நடக்கவில்லை! சனிக்கிழமைக்கு எங்கே போய் டிக்கெட் தேடுவது?

அதனால் அந்தக் கச்சேரியை நானும் ஊரில் எல்லோரையும் போல டிவிடியில்தான் பார்த்தேன், அடுத்த வருஷம். மேலே கோட்டை, கீழே தலைகள், ஆகஸ்ட் மாத இருட்டு மெதுமெதுவாக இறங்குகிறது. நடுவில் மன்ரோ மேடைக்கு வருகிறார், இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் இதே கோட்டையில் விடைபெற்றுப் போனவர். 1979 ஆல்பத்திலிருந்து 'கியர்கல் அ ஹுவன்' பாடுகிறார்கள். கடலின் வட்டம். அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த மாதிரி 'லாக் லோமண்ட்'. கல்யாண மண்டபத்தில் இருநூறு பேர் செய்ததை இங்கே ஒரு மைதானமே செய்கிறது. அதோடு முடியவில்லை. கடைசியாக 'ஹார்ட்ஸ் ஆஃப் ஓல்டன் குளோரி', வாத்தியம் இல்லாமல், குரல் மட்டும். நாற்பத்தைந்து வருஷம் ஸ்பீக்கரை நம்பிப் பிழைத்தவர்கள் கடைசிப் பாட்டுக்கு அதில் ஒரு வாத்தியத்தைக்கூடப் போடவில்லை. நான் சோபாவில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். கூடவே பாடிப் பார்த்தேன், மெதுவாக. ஹெட்போன் போட்டுக்கொண்டு பாடினால் வீட்டில் மற்றவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று தெரியுமில்லையா? உள்ளேயிருந்து மனைவி, "என்னங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றாள்.

புரூஸ் கத்ரோ 2023 செப்டம்பரில் காலமானார். குழு திரும்பச் சேரும் என்று யாராவது ஓரமாக ஆசை வைத்திருந்தால் அதுவும் அன்றோடு சரி.

மேல்மாடிப் பெரியவர் ஸ்டர்லிங்குக்கு இரண்டு நாளும் போனார். வெள்ளிக்கிழமை நான் போக முடியாத டிக்கெட்டை அவரிடம்தான் கொடுத்திருந்தேன், சனிக்கிழமைக்கு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கக் கீழே இறங்கும்போது மாடிப்படியில் எதிரே வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்று பார்த்தார். அப்புறம் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போனார்.